காப்புப் பருவம் வாய்க்காத பிள்ளைகள்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துக் காட்டினார்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று அது வளர்ந்து செல்லும். ஆண்பாலாயின் சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, சிறுதேர் உருட்டி நிறைவுறும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதற் பருவமாக அவர்கள் வைத்தது காப்பு. குழந்தை தவழ்வதற்கும் பேசுவதற்கும் விளையாடுவதற்கும் முன்பே, அதற்குத் தீங்கு நேராதிருக்கத் தெய்வங்களைப் பெயர் சொல்லி அழைத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டும் என்பது மரபு. காப்பு இல்லாமல் மற்ற ஒன்பது பருவங்களும் இல்லை என்பதே இவ்வைப்புமுறையின் உட்பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த இலக்கணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துத் தெருக்களைப் பார்த்தால் மனம் துணுக்குறும். கோயில் வாசல்களில் வெளியூர் வண்டிகளை எதிர்நோக்கி ஊசிமணியும் பொம்மையும் விற்று நிற்கும் பிள்ளைகள், பேருந்து நிலையத்தில் காலித் தண்ணீர்ப் புட்டிகளைச் சேர்த்து மூட்டை கட்டும் பிள்ளைகள், இரவில் மூடிய கடைகளின் படிக்கட்டுகளில் சுருண்டு படுக்கும் பிள்ளைகள். இவர்களுக்கும் பருவங்கள் உண்டு. காப்பு மட்டும் கிடையாது.

நம் மொழியும் இவர்களிடம் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. குப்பையிலிருந்து காகிதமும் நெகிழியும் பொறுக்கி விற்பது ஒரு தொழில். அத்தொழிலைச் செய்பவனைக் குறித்திருக்க வேண்டிய ‘பொறுக்கி’ என்ற சொல் வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ‘அநாதை’ என்பதற்கு நாதன் இல்லாதவன் என்று பொருள். ஏகாம்பரநாதர் வீற்றிருக்கும் ஊரில் அச்சொல்லுக்கு ஒரு கசப்பான சுவை உண்டு. ஒரு சிறுவனைக் கடைக்காரரோ காவலரோ அறையும்போது வழிப்போக்கர் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் யார் என்பதை அந்தச் சொற்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. கை ஓங்குவதற்கு முன்பே சொல் அடித்துவிடுகிறது.

இப்பிள்ளைகள் மீது நிகழும் வன்முறையைத் தாங்கவும் தாண்டவும் தொண்டு நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் ஊர்க்குழுக்களும் என்ன செய்கின்றன, என்ன செய்ய முடியும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இத்தகைய அமைப்பு ஒன்றின் தரத்தை அது எத்தனை பிள்ளைகளை ‘மீட்டது’ என்ற எண்ணிக்கையைக் கொண்டு அளக்கக் கூடாது. மீட்ட பிள்ளையின் பக்கத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். இந்த அளவுகோலை இன்று அரசும் கொடையாளரும் ஒருசேர மறந்துவருகிறார்கள் என்பது நம் கவலை.

தறியிலிருந்து தெருவுக்கு

தெருப்பிள்ளை தெருவில் பிறப்பதில்லை. அவனுக்கு ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் ஒரு வீடும், பெரும்பாலும் அந்த வீட்டுக்கு ஒரு கடனும் உண்டு. முசரவாக்கம் முதலான, காஞ்சியை அடுத்த சிற்றூர்களை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து, கிழித்தாலும் பிரியாதபடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நெசவு அது. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட இயலாது. மறுபக்கத்தில் ஓர் உதவியாள் உட்கார வேண்டும். அந்த இடத்தில் பல தலைமுறைகளாகச் சிறுவரும் சிறுமியரும் உட்கார்ந்தார்கள். பெற்றோர் தறிக்காரரிடமோ முதலாளியிடமோ முன்பணம் வாங்குவார்கள். பிள்ளை வேலைக்குப் போகும். கூலி வட்டிக்கும் அன்றாடச் செலவுக்கும் சரியாகிவிடும். முதல் அப்படியே நிற்கும். அண்ணன் வளர்ந்து வேறு வேலைக்குப் போனால் தம்பி அந்த இடத்தில் அமர்வான்.

இவ்வழக்கத்தை உலகறியச் செய்தவற்றுள் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட இரண்டு அறிக்கைகள் முக்கியமானவை. 1996இல் இந்தியாவின் கொத்தடிமைச் சிறார் பற்றிய அறிக்கையிலும், 2003இல் பட்டுத் தொழிலுக்கென்றே எழுதப்பட்ட அறிக்கையிலும் காஞ்சிபுரம் இடம்பெற்றது. நீண்ட வேலை நேரம், இருண்ட தறிக்குழி, இழை அறுந்தால் அடி, ஓடிப்போனால் தேடிப் பிடித்து மீண்டும் அடி என்று பிள்ளைகள் தம் வாயால் சொன்னவை அவற்றில் பதிவாயின. 1976இலேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது என்பதையும் இத்தோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

அடி தாங்காமல் தறியை விட்டு ஓடுகிற பிள்ளை வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுக்குப் போனால் மறுநாள் மீண்டும் தறிக்கே கொண்டுவந்து விடுவார்கள். ஆகவே அவன் பேருந்து நிலையத்துக்கு வருகிறான். அல்லது தொடர்வண்டி ஏறிச் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் போகிறான். தறியும் தெருவும் நமக்கு இரண்டு வேறு பிரச்சினைகளாகத் தெரிகின்றன. அவனுக்கோ அவை ஒரே நூலின் இரு முனைகள்.

தறியில் குழந்தைகள் இன்று பெரிதும் குறைந்துவிட்டனர். சத்துணவு, கட்டாயக் கல்விச் சட்டம், மகளிர் குழுக்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள், கைத்தறியின் நலிவு எனப் பல காரணங்கள் சேர்ந்து இது நிகழ்ந்தது. கோர்வைக்கு உதவியாள் கிடைப்பதில்லை என்றும், அக்கலை அருகிவருகிறது என்றும் கலை ஆர்வலர் வருந்துவதைக் கேட்கிறோம். வருத்தம் நியாயமானதே. ஆயினும் அந்த உதவியாளுக்கு எத்தனை வயது, அவனுக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்ற கேள்விகளைக் கேட்காமல் அந்த வருத்தத்தில் நம்மால் கலந்துகொள்ள முடியவில்லை.

தறியை விட்டு வந்த வறுமை வேறு இடங்களில் குடியேறியிருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் விடுவித்தனர்; அவர்களிடையே குழந்தைகளும் இருந்தனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படம் அப்போது நாளிதழ்களில் வந்தது. அந்தக் கும்பிடுதான் அங்கிருந்த பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்து கற்ற முதற் பாடமாக இருந்திருக்கும்.

‘சமாளித்தல்’ என்னும் சொல்

வன்முறையைச் சமாளிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறோம் என்று சில அமைப்புகள் தம் வெளியீடுகளில் எழுதுவதைக் காண்கிறோம். இச்சொல்லில் நமக்கு உடன்பாடில்லை.

தெருவில் ஆறு மாதம் உயிரோடு இருந்த எந்தப் பிள்ளைக்கும் சமாளிப்பைப் பற்றி நாம் புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை. வெளிச்சமுள்ள இடத்தில் படுக்க வேண்டும், தனியே படுக்கக் கூடாது, பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்ல வேண்டும், வலியவன் ஒருவனை அண்ணனாக்கிக்கொள்ள வேண்டும், அவனுக்கு வரும்படியில் பங்கு கொடுக்க வேண்டும், பசியையும் பயத்தையும் மறக்கப் பசையை முகர வேண்டும். இவையெல்லாம் சமாளிப்பின் பாடங்கள்தாம். இவற்றில் ஒவ்வொன்றும் பிள்ளையை இன்று காப்பாற்றி நாளை விழுங்குகிறது. காவல் தருகிற அண்ணனே இரவில் மிருகமாகிறான். மாற்றிச் சொன்ன பெயர் பிள்ளையைத் தன் தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடுகிறது.

நம் இலக்கியம் இதை அறிந்திருக்கிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் பண்ணையத்துக்கு விடப்பட்ட ஆட்டுக்காரப் பிள்ளைகள் மேய்ச்சல் காட்டில் தமக்கென்று ஓர் உலகம் அமைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தோழமைதான் அவர்களை மனிதர்களாக வைத்திருக்கிறது. ஆனால் பண்ணையத்துக்காரரின் கையிலிருந்து அது அவர்களைக் காப்பதில்லை. ஜெயகாந்தன் எழுதி, 1965இல் தாமே படமாக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ சேரிச் சிறுவன் ஒருவனின் கதை. தாயின் வாழ்வில் வேறோர் ஆண் வந்தது அவனுக்குள் என்ன செய்கிறது என்பதே அதன் மையம். தெருவுக்குப் போகும் பாதை வீட்டுக்குள் தொடங்குகிறது என்பதை அக்கதை அரை நூற்றாண்டுக்கும் முன்பே காட்டிவிட்டது.

ஆகவே நல்ல அமைப்பு செய்ய வேண்டியது பிள்ளையின் சமாளிக்கும் திறனைக் கூட்டுவதன்று. சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டிய நெருக்கடியை அதன் தோளிலிருந்து இறக்கி, வளர்ந்தவர்களின் தோளில் ஏற்றுவதே அதன் கடமை. இது சொல்லளவில் எளிது. செயலளவில் எப்படி என்பதற்குச் சில சான்றுகளைப் பார்ப்போம்.

அருகில் இருப்பவர்கள்

தில்லியில் தெருச் சிறாரிடையே பணியாற்றும் ‘பட்டர்ஃபிளைஸ்’ என்ற அமைப்பு பிள்ளைகளே நடத்தும் ஒரு சேமிப்பு வங்கியை உருவாக்கியது. பார்வைக்கு இது சிக்கனம் பழக்கும் திட்டம் போல் தோன்றும். உண்மையில் அது வன்முறைத் தடுப்பு. பகலெல்லாம் உழைத்துச் சேர்த்த காசு இரவில் சட்டைப்பையில் இருப்பதால்தான் தெருப்பிள்ளை அடிபடுகிறான். திருடனும், பெரிய பையனும், சில வேளைகளில் சீருடை அணிந்தவரும் அந்தக் காசுக்காகவே அவனைத் தேடி வருகிறார்கள். பறிபோகும் முன் செலவழித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் அவன் போதைப் பழக்கத்துக்கும் சூதாட்டத்துக்கும் போகிறான். மாலையில் காசைக் கட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு படுக்கப் போகிறவனை அடித்தால் அடிப்பவனுக்கு ஆதாயம் இல்லை. கணக்கு எழுதுபவரும் மேலாளரும் பிள்ளைகளே என்பதால், தம்மை நம்பலாம் என்ற எண்ணமும் அவர்களுக்குள் வேர்விடுகிறது. பிள்ளைகளின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது.

சென்னையில் ‘அன்பு இல்லம்’ 1980களிலிருந்தும், தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ‘கருணாலயா’ 1995 முதலும் தெருச் சிறாருக்காக உழைத்துவருகின்றன. 2019இல் இலண்டனில் தெருச் சிறாருக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தபோது, சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தாடிய தென்னிந்திய அணியில் கருணாலயாவின் பிள்ளைகள் இருந்தார்கள். லார்ட்ஸ் திடலில் நடந்த இறுதியாட்டத்தில் அவ்வணி இங்கிலாந்து அணியை வென்றது. 2023இல் அப்போட்டி சென்னையிலேயே நடைபெற்றது. கோப்பை செய்தியாயிற்று. நாம் வியப்பது கோப்பைக்கு முந்தைய வேலையை. நடைபாதையில் வாழும் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு வாங்க வேண்டுமானால் பிறப்புச் சான்று வேண்டும், முகவரி வேண்டும், கையெழுத்திடப் பெரியவர் ஒருவர் வேண்டும். அவை ஒவ்வொன்றையும் தேடி அலுவலகம் அலுவலகமாக நடப்பவருக்குக் கைதட்டல் இல்லை. ஆனால் பெயரும் சான்றும் உள்ள பிள்ளையைக் காவல் நிலையத்தில் அடிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு கணமும் காப்புத்தான்.

காஞ்சிக்கு வருவோம். இங்கு ‘ரைடு’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஊரக வளர்ச்சிக் கல்வி நிறுவனம் 1990களிலிருந்து நெசவு ஊர்களில் இணைப்புப் பள்ளிகளை நடத்தியது. ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ நிறுவனம், சுவீடனைச் சேர்ந்த ஒரு தம்பதியர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக 2002இல் இங்கு உருவெடுத்து, குழந்தைத் தொழில் ஒழிப்பையும் மகளிர் குழுக்களையும் ஒன்றாக முன்னெடுத்தது. 2000களின் நடுவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு செயல்படுத்திய ‘இண்டஸ்’ திட்டத்திலும் தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களுள் காஞ்சிபுரம் ஒன்றாக இருந்தது.

இணைப்புப் பள்ளி என்பது என்ன? எட்டு வயதில் தறிக்குப் போய்ப் பன்னிரண்டு வயதில் வெளியே வரும் பிள்ளையை நேரே ஏழாம் வகுப்பில் உட்காரவைத்தால் அவமானம் தாங்காமல் ஒரே வாரத்தில் ஓடிவிடும். மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் அதைவிட விரைவில் ஓடும். ஆகவே இடையில் ஒரு பாலம் போடுகிறார்கள். பிள்ளை தன் வயதொத்தவர்களோடு அமர்ந்து, விட்ட பாடங்களை ஓரிரு ஆண்டுகளில் கற்று, பிறகு வழக்கமான பள்ளிக்குப் போகிறது. இந்த இடைக்காலத்தில் எழுத்தைவிட முக்கியமான ஒன்றைப் பிள்ளை கற்கிறது. தவறு செய்தால் அடி விழாத இடம் ஒன்று உலகில் உண்டு என்பதே அது. இழை அறுந்ததற்காக அறை வாங்கிப் பழகிய கை, எழுத்துப் பிழைக்காக அறை விழாதபோது முதலில் நம்ப மறுக்கும். நம்புவதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை எந்தப் புள்ளிவிவரப் படிவமும் பதிவு செய்வதில்லை.

அதே வேளையில் கடனின் கதை மறுபுறம் நடக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொத்தடிமைக்குக் காரணமான கடன் செல்லாததாகிவிடுகிறது. ஆனால் சட்டம் செல்லாது என்று சொன்ன கடனை ஊர் செல்லும் என்று நினைக்கிறது. முன்பணம் கொடுத்தவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் எந்தத் தாயும் சட்டப் பிரிவை எடுத்து நீட்டமாட்டாள். அப்போது அவளோடு இருபது பெண்கள் நிற்க வேண்டும். மகளிர் குழு அங்கேதான் பயன்படுகிறது. குழுவிலிருந்து குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாய், அடுத்த மழைக்காலத்தில் பிள்ளையை அடகு வைக்கும் தேவையைத் தள்ளிப்போடுகிறது. குடித்துவிட்டுப் பிள்ளையை அடிக்கிற தகப்பனை ஊர்ப் பெண்கள் கூடி நின்று கேட்கும் துணிவும் அந்தக் கூட்டத்திலிருந்தே பிறக்கிறது. நமது கல்லூரி வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவர் பலரின் வீடுகளில், படிப்புக்கும் தறிக்கும் இடையே நின்று முடிவெடுத்தவர்கள் இத்தகைய தாய்மார்களே.

மீட்பு என்னும் வன்முறை

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு உதவுகிறோம் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் உதவியாகிவிடுவதில்லை.

விடியற்காலையில் வண்டியோடு வந்து, பிள்ளைகளைப் பிடித்து ஏற்றி, படம் எடுத்துச் செய்தி கொடுத்து, விடுதியில் இறக்கிவிடும் ‘மீட்பு’களை நாம் அறிவோம். இன்னொரு முரடன் தன்னைப் பிடித்துப் போகிறான் என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு அதில் வேறு பொருள் இல்லை. அவனுடைய குடும்பம் அதே நடைபாதையில் இருக்கிறது. தெருச் சிறாருள் மிகப் பலர் குடும்பத்தோடு வாழ்பவர்கள். முற்றிலும் தனியானவர்கள் சிலரே. குடும்பத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் எடுத்துப்போவது களையைப் பிடுங்குவதுபோல் நாற்றைப் பிடுங்குவதாகும்.

பிள்ளையைக் கொண்டுபோய் விடும் இடம் எத்தகையது என்ற கேள்வி இன்னும் கொடியது. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். தாம்பரம் தொடர்வண்டி நிலையப் பகுதியில் மின்கலம் திருடியதாகக் கொண்டுவரப்பட்டவன். அடிபட்டதால் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, இல்லப் பணியாளர் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைக்கப்பட்டு, இத்தகைய இல்லங்களின் நிலை ஆராயப்பட்டது. 2019 வரை செங்கல்பட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஊர்; நமக்குத் தொலைவானதன்று. காப்பதற்கென்றே கட்டிய சுவருக்குள், காப்பதற்கென்றே சம்பளம் பெற்றவர்கள் இருந்த இடத்தில் இது நேர்ந்தது.

தனியார் இல்லங்கள் மேலானவை என்று சொல்ல நாம் வரவில்லை. பதிவின்றி நடத்தப்பட்ட இல்லங்களையும், பிள்ளைகளைக் காட்டி நிதி திரட்டியவர்களையும் தமிழகம் பார்த்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சொல்வது தேவையான கட்டுப்பாடே. வெளியார் எவரும் எட்டிப் பார்க்க முடியாத எந்த இடமும், அதை நடத்துவது அரசாயினும் தொண்டராயினும், பிள்ளைகளுக்கு ஆபத்தானது. நல்ல அமைப்பின் அடையாளங்களுள் ஒன்று திறந்த கதவு. உள்ளே இருக்கும் பிள்ளை வெளியே இருக்கும் ஒருவரிடம் புகார் சொல்லும் வழி அங்கு இருக்க வேண்டும்.

பிரேசிலின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. அந்நாட்டுத் தெருச் சிறார் 1980களில் தமக்கென்று ஒரு தேசிய இயக்கத்தை உருவாக்கி, தலைநகரில் மாநாடு கூட்டித் தம் மீது நடக்கும் வன்முறைகளைத் தாமே எடுத்துரைத்தார்கள். அவர்களின் குரலும் சேர்ந்தே 1990இல் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் உரிமைச் சட்டம் அங்கு பிறந்தது. ஆயினும் 1993 ஜூலையில் இரியோ நகரின் காண்டலாரியா தேவாலயத்தின் அருகே உறங்கிய தெருச் சிறார் மீது துப்பாக்கிச் சூடு நடந்து எட்டுப் பேர் மாண்டனர். அதில் காவல்துறையினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சிறந்த சட்டம் இருந்தும் அந்த இரவில் அது தெருவுக்கு வந்து சேரவில்லை. சட்டத்தைத் தெருவரை நடத்திக்கொண்டு வர ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் சமுதாய அமைப்பு என்கிறோம்.

அறுபடும் இழைகள்

இப்போது நடப்பவை நமக்கு அச்சம் தருகின்றன.

1098 என்ற தொலைபேசி எண் 1996இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் பணியாகத் தொடங்கியது. பிறகு நாடெங்கும் பரவிய அச்சேவையின் சிறப்பு, அழைப்பு ஒன்று வந்தால் அந்தந்த ஊரின் தொண்டு அமைப்பைச் சேர்ந்த ஒருவர் நேரில் போய் நிற்பார் என்பதே. பேருந்து நிலையத்தின் தேநீர்க்கடைக்காரரும் நடைமேடையின் சுமைதூக்குவோரும் அவருக்குப் பழக்கமானவர்கள். 2023இல் இச்சேவை தொண்டு அமைப்புகளிடமிருந்து எடுக்கப்பட்டு அரசின் நேரடிப் பொறுப்பில் 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. அரசு பொறுப்பேற்பதை நாம் எதிர்க்கவில்லை; பிள்ளைகளைக் காப்பது அரசின் கடமை. ஆனால் பல ஆண்டுகள் ஊர்த்தெருக்களில் நடந்து சேர்த்த அறிமுகத்தை அரசாணையால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்ற முடியுமா? அழைக்கிற பிள்ளைக்கு வண்டி வருவது வேறு. தனக்குத் தெரிந்த அக்கா வருவது வேறு.

1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் 2021இல் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் நம் பகுதியில் அந்தக் கதவின் அகலம் என்ன என்பதை நெசவாளர் தெருவில் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அதற்குள் எட்டிப் பார்க்க ஆய்வாளரால் முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணால் முடியும். அவள் உறுப்பினராக இருக்கும் குழுவால் முடியும்.

எண்ணிக்கையும் நம்மைக் கைவிடுகிறது. நாட்டில் 15 முதல் 20 இலட்சம் தெருச் சிறார் இருக்கலாம் என்பது மதிப்பீடு. உச்ச நீதிமன்றம் இவ்விவகாரத்தைத் தானாக எடுத்து விசாரித்தபோது, 2022இன் தொடக்கத்தில் அரசின் இணையப் பதிவேட்டில் ஏறியிருந்தவர்கள் 18,000 பேருக்கும் குறைவு. பெயர் எழுதப்படாத பிள்ளைக்குக் காப்பு எப்படிக் கிடைக்கும்? அப்பெயரைத் தெரிந்துகொள்ள, பொய்ப்பெயர் சொல்லும் பிள்ளையோடு பொறுமையாகப் பல வாரங்கள் பேசி இருக்கிற ஒருவர் தேவை.

நாம் முன்வைக்க விரும்புவன பெரிய திட்டங்கள் அல்ல. 1098 யார் கையில் இருந்தாலும், மாவட்டந்தோறும் அதன் களப்பணியை ஊரறிந்த அமைப்புகளோடு சேர்ந்தே நடத்த வேண்டும். நிதி கொடுப்பவர்கள் ஓராண்டுக் கணக்குக் கேட்பதை விட்டு, ஒரு பிள்ளை பள்ளி முடிக்கும்வரை உள்ள காலத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும். எல்லா இல்லங்களையும் ஊராரும் கல்லூரிகளும் முறையாகப் பார்வையிட வழி செய்ய வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாமிட்டு மரக்கன்று நடும் நம் மாணவர்கள், அதே ஊரின் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளோடு ஆண்டு முழுதும் மாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் அது குறைந்த பணியாகாது. தம் அண்ணனோ அக்காவோ தறியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்த மாணவர்களுக்கு அப்பிள்ளைகளின் மௌனம் நம்மைவிட எளிதில் புரியும்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சொற்களைக் காப்பவர்கள் என்று நம்மை நாம் சொல்லிக்கொள்கிறோம். அப்படியாயின் ‘பொறுக்கி’ என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்துவிடுவது நம் கையில் இருக்கிறது. கோயில் வாசலில் பொம்மை விற்கும் பிள்ளையிடம் விலையைக் கேட்பதற்கு முன் பெயரைக் கேட்பதும் நம் கையில்தான் இருக்கிறது. முதல் முறை பொய்ப்பெயர்தான் வரும். மறுமுறையும் போய்க் கேட்க வேண்டும்.